கடல் விலகிய கொற்கை

கொற்கை என்றதும் நம்மவர்களுக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. மதுரைக்காஞ்சி, அகநானூறு, தாலமி, முத்து - வரிசை எப்போதும் இதுதான். நான் பி.ஏ.யில் படித்தது ஆங்கில இலக்கியம்; கொற்கை எனக்குக் கிடைத்தது மேடைப் பேச்சுக்களிலிருந்து. வங்கி வேலையில் ஆழ்வார்திருநகரிக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரல் வழியாக அங்கே போனேன்.

சின்ன ஊர். நெல், வாழை, ஒரு பெரிய குளம், வெற்றிவேலம்மன் கோயில், ஒரு கிழட்டு வன்னி மரம். ஈசுவரன் கோயிலின் பெயரில் மட்டும் அக்கசாலை இருக்கிறது. நாணயம் அடித்த இடம் என்று அர்த்தம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரிடம் கடல் எவ்வளவு தூரம் என்று விசாரித்தேன். "கடலுக்கா? பழையகாயலுக்குல்லா போயிருக்கணும், தப்பா வந்துட்டியளே சார்" என்றார்.

அவர் சொன்னது சரித்திரம். தாமிரபரணியின் வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது என்பதைக் கால்டுவெல் 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் விளக்கியிருக்கிறார். கடல் விலக விலக வியாபாரமும் கிழக்கே நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது காயலை. பிறகு போர்ச்சுக்கீசியரின் புன்னைக்காயல். அதன் பின் தூத்துக்குடி. இன்று கொற்கையிலிருந்து கடற்கரைக்குச் சுமார் ஏழு கிலோமீட்டர். 1968-69இல் அரசுத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785ஐ ஒட்டியது என்று கணித்தார்கள். ஆனால் துறைமுகத்தைக் கொன்ற அதே வண்டலில்தான் பெரியவரின் வாழை நிற்கிறது. இதை அழிவு என்று புலம்புவது மேடையில் நிற்பவனுக்குத்தான் சாத்தியம்.

நம் வரிசையில் விட்டுப்போகும் தகவல் ஒன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான பெரிப்ளுஸ், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. முத்தைப் பாடிய மரபை மேற்கோள் காட்டும் நாம், மூச்சடக்கி மூழ்கியவனைப் பற்றிக் கேட்பதில்லை. புதுக்கவிதையிலும் 'கொற்கை முத்து' ஓர் அலங்காரமாகவே வந்துபோகிறது. பண்டிதரைக் கேலி செய்யும் நாம் பண்டிதரின் பெருமிதத்தை மட்டும் சேதமில்லாமல் வைத்திருக்கிறோம்.

தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். எங்கள் கிளைக்கு அடகுக்கு வரும் தோடுகளில் எப்போதாவது முத்து இருக்கும். மதிப்பீட்டாளர் அதற்கு ஓர் எடையை உத்தேசித்துக் கழித்துவிட்டு, தங்கத்துக்கு மட்டும் மதிப்புச் சொல்வார். மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று நான் எழுதுகிறேன். கொற்கையைப் பற்றிய நம் சரித்திரமும் இதே முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முத்து இருந்த இடத்தில் மூழ்கியவனை வைத்துக் கழித்திருக்கிறோம். அந்தக் கழிவுக் கட்டத்திலிருந்து ஒரு விமர்சகன் ஆரம்பிக்கலாம் என்று எனக்குப் படுகிறது.