11,000 பிராங்க் ஷூ

பாரிஸில் மார்பெஃப் தெருவில் இருக்கிறது பெர்லூட்டி ஷூ கடை. தோலுக்கு ஷாம்பெயின் தொட்டு நிலவொளியில் மெருகேற்றுவதை ஒரு சடங்காகவே ஆக்கிவைத்த குடும்பம். அந்தக் கடை ஷூ ஒரு ஜோடி, விலை 11,000 பிராங்க், பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரான் ஆட்சியின் வெளியுறவு அமைச்சர் ரோலான் துமாவின் காலுக்குப் போனது. வாங்கித் தந்தவர் அவருடைய தோழி கிறிஸ்தீன் தெவியே-ஜோன்கூர். தேய்த்த கிரெடிட் கார்டு, அப்போது அரசுக்குச் சொந்தமாக இருந்த எல்ஃப் எண்ணெய் நிறுவனத்தினுடையது.

அமைச்சர் வீட்டு அலமாரியோடு முடிய வேண்டிய கதை. ஆனால் 1994இல் ஏவா ஜோலி என்ற விசாரணை நீதிபதி எல்ஃபின் கணக்குகளைக் கிளறத் தொடங்கினார். தைவானுக்குப் போர்க்கப்பல் விற்ற பேரம், ஆப்பிரிக்க எண்ணெய், சுவிஸ் வங்கி எனக் கோடிகள் கொட்டின. கோடிக்கு எத்தனை சைபர் என்று விரல்விட்டு எண்ணுகிறவனுக்கும் ஷூ விலை புரியும். ஊர் வாயில் ஷூதான் அகப்பட்டது.

இந்த விவகாரத்தில் சிக்கிய துமா, அப்போது வகித்த அரசியல் சாசன மன்றத் தலைவர் பதவியை 2000இல் விட்டார். 2001இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை; 2003இல் மேல்முறையீட்டில் விடுதலை. ஷூவுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை.

2006இல் இயக்குநர் க்ளோத் சாப்ரோல் இந்த விவகாரத்தைப் படமாக்கினார். ‘அதிகார போதை’ என்ற பொருளில் தலைப்பு. நிஜ மனிதர்களை ஒத்திருந்தால் தற்செயலே என்ற வழக்கமான அறிவிப்பைக்கூடக் கண்ணடித்துக்கொண்டுதான் போடுகிறார். சிவப்புக் கையுறை அணிந்த நீதிபதியாக இசபெல் உப்பேர். சாப்ரோலும் அவரும் சேர்ந்த ஏழாவது படம். துப்பாக்கிச் சண்டை, துரத்தல் எதுவும் கிடையாது. கோடிகளை ஆண்ட நிறுவனத் தலைவர் சிறையில் உடை களைந்து நிற்கிறார், தோல் அரிப்பு தாங்காமல் சொறிந்துகொண்டே இருக்கிறார். ஊழலின் தொகையைச் சொல்லி யாரையும் சிரிக்க வைக்க முடியாது, அரிப்பைக் காட்டினால் முடியும். குற்றப்படத்தை நகைச்சுவையாக்கும் இந்தச் சூட்சுமம் சாப்ரோலுக்குக் கைவந்தது.

2024 ஜூலையில் துமா இறந்தபோது வயது 101. பிக்காசோவின் வழக்கறிஞராக இருந்து, ‘கெர்னிகா’ ஓவியம் ஸ்பெயின் திரும்ப வழிசெய்தவர் அவர். இரங்கல் குறிப்புகளில் அதுவும் வந்தது, ஷூவும் வந்தது.