முயலின் கதையும் நீர்ச்சறுக்கு மலையும்

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா உண்டு. 1989ஆம் ஆண்டு அங்கே ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்ற நீர்ச்சறுக்கு மலை திறக்கப்பெற்றது. மரக்கட்டை வடிவான படகில் அமர்ந்தோர், ஆடிப்பாடும் விலங்குப் பொம்மைகளுக்கிடையே மிதந்து சென்று, முடிவில் உயரத்தினின்று நீரில் பாய்ந்து களித்தனர். 1992இல் புளோரிடாவிலும் அத்தகைய மலை எழுந்தது. மக்களுக்கு இத்துணை மகிழ்வூட்டிய அவ்விளையாட்டை அமெரிக்காவில் மாற்றியது ஏன்? விடை வரலாற்றில் உள்ளது.

அதன் வேர் 1946இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ என்னும் திரைப்படம். அப்படத்திற்கு முதல், ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளையர் 1880 முதல் நூலாக வெளியிட்ட ‘அங்கிள் ரீமஸ்’ கதைகள். அவை அவர் புனைந்தவை அல்ல; இளமையில் ஒரு பண்ணையில் கறுப்பின அடிமைகள் சொல்லக் கேட்டவை. அவற்றில் எளிய முயல் நரியையும் கரடியையும் அறிவால் வெல்லும். சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அம்முயல் அயலானன்று. சவுக்கடிக்கு அஞ்சி வாழ்ந்தோர்க்கு அக்கதை வெறும் பொழுதுபோக்காகவும் இருந்திராது.

கதை அடிமைகளுடையது, அதற்கு இட்ட சட்டம் வெள்ளையருடையது. பண்ணைக் குடும்பத்தின்பால் பற்றுக்கொண்ட கறுப்புக் கிழவர் வெள்ளைச் சிறுவனுக்குச் சொல்லும் கூற்றாக ஹாரிஸ் அவற்றை அமைத்தார். திரைப்படமோ பண்ணை வாழ்வை இன்பமயமாகத் தீட்டிற்று. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைக்கும் என்.ஏ.ஏ.சி.பி. என்னும் சங்கம் அவ்வாண்டிலேயே அதன் கலைத்திறனைப் பாராட்டியும், அது தரும் பொய்த் தோற்றத்தைக் கண்டித்தும் குரலெழுப்பியது. கிழவராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், அட்லாண்டா நகரில் நடந்த முதற் காட்சியில் கலந்துகொள்ளவில்லை. நிறவேற்றுமை ஆட்சி செலுத்திய நகரம் அது. 1948இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது.

“மலையில் அக்கிழவர் இல்லையே, விலங்குகள்தாமே உள்ளன, இதில் இழிவு யாது?” என்பர் சிலர். கதையை வைத்துக்கொண்டு கதை சொன்னவரை மறைத்ததே இழிவு என்பேன். “வரலாற்றை அழிக்கலாமா?” என்பர் வேறு சிலர். நூல்கள் நூலகங்களில் உள்ளன, ஆய்வோர் ஆய்கின்றனர். நீர்ச்சறுக்கை மாற்றுவது நூலை எரிப்பதாகாது. அதில் ஏறி மகிழ்ந்த குழந்தைகள்மீதும் குற்றமில்லை.

2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்டு காவலரால் கொல்லப்பட்டபின் எழுந்த கிளர்ச்சியிடையே மாற்றம் அறிவிக்கப்பெற்றது. 2024இல் அதே மலை, நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பினப் பெண்ணாகிய டியானாவின் பெயரால் மீண்டும் திறந்தது. அவள் 2009இல் வந்த படத்தின் தலைவி. மாற்றம் நன்றே. எனினும் பழியில்லாத முயலும் அங்கிருந்து வெளியேறியது வருத்தம் தருகின்றது.

பிறந்த ஊரைவிட்டு வந்த நாம் கதைகளைச் சுமந்து வந்தோம். நாம் விரும்பி வந்தோம். அவர்தம் முன்னோர் விலங்கிடப்பட்டு வந்தனர். அவர்களின் முயலை நம் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்வோம். சொன்னவர் யார் என்பதையும் உடன் சொல்வோம்.