கள்ளக்குறிச்சி மாவட்ட வேளாண் உதவித் திட்டங்கள்

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் உழவர்களுக்கு அரசு வழங்கிவரும் கடன், மானியம், மண் பாதுகாப்புப் பணிகள் ஆகியவற்றின் வரலாறு பெரும்பாலும் பட்டாவின் வரலாறே. சமவெளியில் பட்டா பழைய சங்கதி. மலைக்கு அது பிந்தி வந்தது.

கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு மாவட்டத்தின் தாலுகாவாக இருந்த காலத்தில் தக்காவிக் கடன்தான் அரசு உதவி. நிலத்தைச் சீர்திருத்த 1883ஆம் ஆண்டுச் சட்டம், விதைக்கும் மாட்டுக்கும் 1884ஆம் ஆண்டுச் சட்டம். 1949இல் சமமட்ட வரப்புகளுக்கென்றே சென்னை மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. 1965இல் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை எழுந்தது. மலையில் பெய்யும் மழை கீழே நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்ந்தது.

மேலே நிலைமை வேறு. 1976 வரை மலை ஜாகீர்தார்களிடம் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்கு வரி கட்டியதோடு கூலியில்லா வேலையும் செய்தனர். அரசு மலையை ஏற்றபின் உதவிகள் பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகவே முதலில் வந்தன. ‘லேம்ப்’ கூட்டுறவுச் சங்கம் கடனும் உரமும் கொடுத்தது; கடுக்காய், புளி போன்ற வனப்பொருள் கொள்முதலும் அதன் வேலை. 1997இல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களையும் தடுப்பணைகளையும் கொண்டுவந்தது. ஆனால் சரிவில் ஆடி மழைக்கு விதைத்த சாமைக் காட்டைப் பார்த்தால், உழும்போது புரண்ட கல்லைப் பொறுக்கி அடுக்கிய வரப்புதான் பல இடங்களில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்குத் திட்டப் பெயர் எதுவும் கிடையாது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிரிட்டுவந்த பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தந்தது. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. தமிழ்நாட்டில் இந்த உரிமையை வழங்க 2008இல் உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை 2016இல்தான் விலகியது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இப்போது இங்கு சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு மானியம். கேட்டுப் போகிறவர் கையில் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று எல்லாம் இருக்கவேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசானில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2020இல் முறைகேடு வெளிப்பட்ட 13 மாவட்டங்களுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. விவசாயிகளே அல்லாதவர்கள் உட்பட சுமார் 5.5 லட்சம் தகுதியற்றோர் பெயர்கள் மாநிலம் முழுவதும் பட்டியலில் ஏறியிருந்தன. காணி இருந்தும் காகிதம் இல்லாதவர் மலையில் நிற்க, காணியே இல்லாதவர் கணக்கில் பணம் விழுந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்தபின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் முகாம்கள் தொடங்கின. நில விவரத்தை ஆதாரோடு இணைத்தால்தான் எண். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு அலையவேண்டும்.