வெலிங்டன் பிரபுவும் நம் ஆரணியும்

வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் யார் என்றால் பள்ளிப் பிள்ளைகூட வெலிங்டன் என்று சொல்லிவிடும். அவருடைய உயர்வுக்கு ஆரணியில் பாய்ந்த ஒரு குண்டும் காரணம் என்றால் மட்டும், "அட, நம்ம ஆரணியா சார்?" என்று நம் மாணவர்களே வியக்கிறார்கள். 1751இல் கிளைவ் இங்கே ஜெயித்ததைப் பாடத்தில் படித்திருப்போம். இது அதற்கு 47 ஆண்டுகள் பிந்திய கதை.

1798 டிசம்பர். திப்பு சுல்தான் மீது படையெடுக்க ஆங்கிலேயர் வேலூர், ஆற்காடு, ஆரணி வட்டாரத்தில் படை திரட்டிக் கொண்டிருந்தார்கள். ஆரணியில் இருந்த 12ஆவது ரெஜிமெண்டின் கர்னல் ஹென்றி ஹார்வி ஆஸ்டன். தம் கீழிருந்த இரண்டு மேஜர்களோடு அவருக்கு மனஸ்தாபம். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மானப் பிரச்சினை என்றால் துப்பாக்கிதான் பஞ்சாயத்து. முதல் மேஜரோடு நடந்த சண்டையில் தப்பித்தார். இரண்டாவதில் குண்டு பாய்ந்து, சில நாளில் இறந்து போனார். சாகுமுன் டயோமெட் என்ற தம் அரபுக் குதிரையை நண்பர் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லிக்குக் கொடுத்தார். படைப் பொறுப்பும் அவரிடமே வந்தது. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர் இவர்தான்.

படைக்கு அரிசியும் வண்டி மாடும் சேகரித்து ஒழுங்குபடுத்தியதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் முதலில் தெரிந்தது. அண்ணன் கவர்னர் ஜெனரலாக இருந்ததும் உதவியது, அதை மறைப்பானேன்! 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதன் நிர்வாகம் இவர் கைக்கு வந்தது. 1803இல் அசாயே போரில் ஆரணிக் குதிரை டயோமெட் ஈட்டிக் குத்து வாங்கியது. நம் மண்ணை அடிமைப்படுத்திய போர்கள்தாம் இவை. அதற்காக நம் ஊர்க் கதையை நாமே தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

என் ஊர் திருமலை. அங்குள்ள பாறையில் ராஜேந்திர சோழனின் கங்கை வரையிலான வெற்றிகள் எழுத்தாக நிற்கின்றன. மன்னனின் முகம் அதில் இல்லை. வெலிங்டனுக்கோ முகங்கள் ஏராளம். 1804இல் ராபர்ட் ஹோம் வரைந்தது நம் நாட்டில் பணியாற்றிய நாட்களின் முகம். 1812இல் ஸ்பெயினில் கோயா வரைந்ததில் வெற்றி பெற்றவரின் மிடுக்கைக் காணோம். தூக்கம் கெட்ட மனிதரின் கண்கள்தாம் தெரிகின்றன. எனக்குப் பிடித்தது அதுதான். 1961இல் லண்டனில் திருடு போய், 1965இல் மீண்ட படமும் அதுவே. இடையில் 1962இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படத்தில் வில்லன் வீட்டில் அதை மாட்டிக் கேலி செய்தார்கள்! வாட்டர்லூ வீரராக லாரன்ஸ் வரைந்த கம்பீரமும் ஒன்று உண்டு. 1844இல் போட்டோவே எடுத்துக்கொண்டார்.

1828இல் பிரதமரானார். கத்தோலிக்கர்களுக்குப் பாராளுமன்றத்தைத் திறந்துவிடும் சட்டத்தை 1829இல் கொண்டுவந்தபோது, வின்செல்சி பிரபு அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிரதமர் சும்மா விடவில்லை. நண்பரைச் சண்டையில் இழந்தவர், தாமே 1829 மார்ச் 21 காலையில் பேட்டர்சீ வெளியில் துப்பாக்கியோடு போய் நின்றார். இவர் குறி தள்ளிச் சுட்டார். வின்செல்சி ஆகாயத்தில் சுட்டுவிட்டு மன்னிப்பும் எழுதிக் கொடுத்தார். இருவரும் வீடு திரும்பினார்கள்.