வீட்டுச் செலவுக் கணக்கு

வீட்டுச் செலவுக் கணக்கு என்பது குடும்பத்தின் அன்றாடச் செலவுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளும் சேமிப்புக் கணக்கு. சம்பளம் வேறொரு கணக்கில் விழும். மாதம் பிறந்ததும், முன்பே பேசி முடிவு செய்த தொகை அங்கிருந்து இதற்கு மாற்றப்படும். மளிகை, பால், காய்கறி, எரிவாயு உருளை, பள்ளி வேன், வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளம் எல்லாம் இதிலிருந்தே போகும். இருப்பு தீர்ந்தால் அந்த மாதத்துக்கு அவ்வளவுதான். இந்தப் பெயரில் வங்கிகளில் தனிக் கணக்கு வகை பொதுவாகக் கிடையாது. சாதாரணச் சேமிப்புக் கணக்கையே குடும்பங்கள் இந்த வேலைக்கு வைத்துக்கொள்கின்றன.

வரவு செலவு எழுதும் பழக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நோட்டில் எழுதும் கணக்கு நடந்து முடிந்த செலவைச் சொல்லும். பிரித்து வைத்த கணக்கு இனி நடக்கப்போகும் செலவுக்கு வேலி போடும்.

முன்வரலாறு

வங்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த முறை அடுக்களையில் இருந்தது. கணவர் கொடுத்த செலவுக் காசில் மிச்சம் பிடித்ததையும், மோர், முட்டை, கீரை விற்றதில் கிடைத்ததையும் பெண்கள் தனியே சேர்த்து வைத்தார்கள். அதற்குச் சிறுவாடு என்று பெயர். கடுகு டப்பா, அரிசிப் பானையின் அடி, சுருக்குப் பை, முந்தானை முடிச்சு ஆகியவையே அதன் பெட்டகங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டுவைக்கும் பிடியரிசிப் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. பணம் இல்லாத வீட்டிலும் பிரித்து வைக்கும் புத்தி இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தின் முதல் குறளே, வருவாய்க்குத் தக்கபடி குடும்பம் நடத்துவதை மனைவியின் மாண்பாகச் சொல்கிறது.

மாதச் சம்பளக்காரர்கள் பெருகிய பின் பானையின் இடத்துக்குக் காகித உறை வந்தது. 1ஆம் தேதி மாலை சம்பளக் கவர் சாமி படத்தின் முன் வைக்கப்படும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிரிப்பு நடக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளின் பின்பக்கத்தில் வாடகை, பால், மளிகை, ஃபீஸ், கைச்செலவு என்று பேனாவால் எழுதி, நோட்டுகளை எண்ணி எண்ணிப் போடுவார்கள். மாதக் கடைசியில் பால் உறை காலியானால் மளிகை உறையிலிருந்து எடுப்பார்கள். எடுத்த இடத்தில் ‘பாலுக்கு 20’ என்று ஒரு துண்டுச் சீட்டு கிடக்கும். அடுத்த மாதம் அந்த இருபது ரூபாய் திரும்பி வந்த பிறகே சீட்டு கிழியும். தன் வீட்டுக்குள்ளேயே கடன் வாங்கி, தனக்குத்தானே நாணயமாகத் திருப்பிக் கொடுத்த இந்தக் கணக்குமுறைக்கு எந்தப் பொருளாதார நூலும் உரிய இடம் கொடுக்கவில்லை.

வெளிநாடுகளிலும் இதற்கு உறவினர் உண்டு. ஜப்பானில் பத்திரிகையாளர் ஹானி மொதோகோ 1904இல் வெளியிட்ட ‘ககேய்போ’ என்னும் வீட்டுக் கணக்கேடு, செலவுகளை இனம் பிரித்து வரம்பு கட்டச் சொல்லிக்கொடுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரில் 1909இல் ஒரு வங்கி, கிறிஸ்துமஸ் செலவுக்கென்றே வாராவாரம் பணம் கட்டும் கணக்கைத் தொடங்கியது. ஒரே செலவுக்காக ஒரு வங்கிக் கணக்கு என்ற எண்ணம் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இந்தியாவில் 1833 முதல் 1835 வரையிலான ஆண்டுகளில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் அரசுச் சேமிப்பு வங்கிகள் ஏற்பட்டன. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்த பிறகுதான் சேமிப்புப் புத்தகம் சிற்றூர்வரை சென்றது. ஆனால் சென்னைக் குடும்பங்களின் நம்பிக்கையை 1906 அக்டோபரில் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனத்தின் வீழ்ச்சி உலுக்கிவிட்டது. ஓய்வூதியக்காரர்களும் கைம்பெண்களும் போட்டு வைத்த பணம் அதில் சிக்கியது. அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி தோன்றியது என்றாலும், ‘கையில் இருப்பதே காசு’ என்ற எண்ணம் வீடுகளில் நெடுங்காலம் நீடித்தது. 1962இல் வைப்புக் காப்பீடும், 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளின் நாட்டுடைமையும் வந்து, கிளைகள் ஊர்களில் பெருகிய பின்பே குடும்பத்துக்கு ஒரு கணக்கு என்பது வழக்கமானது. இரண்டாவது கணக்கு அதற்கும் பின்னால் வந்தது.

மிச்சம் யாருடையது

செலவுப் பணத்தில் சிக்கனம் செய்து மீத்தது கொடுத்தவருக்கா, மீத்தவருக்கா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. இங்கிலாந்தில் 1943இல் முடிவான பிளாக்வெல் வழக்கில், கணவர் கொடுத்த வீட்டுச் செலவுப் பணத்தில் மனைவி மிச்சம் பிடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டிருந்த 103 பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட தொகை கணவருக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. கணக்கு மனைவியின் பெயரில் இருந்தும் பயனில்லை. ஆண்டுக் கணக்கில் அடுப்படியில் பட்ட பாட்டைச் சட்டம் உழைப்பாகவே பார்க்கவில்லை. 1964இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம் இதைத் திருத்தி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அத்தகைய மிச்சம் இருவருக்கும் சரிபாதி என்றது.

இந்தியாவில் 1874ஆம் ஆண்டின் சட்டம் மணமான பெண்ணின் சம்பாத்தியத்தை அவளது தனிச் சொத்தாக்கியது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை அது விலக்கிவைத்தது. தமிழ் வீடுகளில் சட்டத்துக்குக் காத்திருக்காமலே வழக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சிறுவாடு பெண்ணுடையது. அவசரத்துக்கு அதில் கைவைக்கும் கணவர் ‘கடனாத்தான்’ என்று சொல்லியே வாங்குவார். செலவுக் கணக்கில் மாத முடிவில் நிற்கும் மீதிக்கும் இதுவே பொருந்தும். அதைச் சம்பளக் கணக்குக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வீட்டில் அடுத்த மாதம் மீதி நிற்காது.

வகைப்பாடு

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் பால் 1989இல் வெளியிட்ட ‘மனி அண்ட் மேரேஜ்’ நூலில், தம்பதியர் பணத்தைக் கையாளும் விதத்தை வகைப்படுத்தினார். சம்பளம் முழுவதையும் ஒருவர் கையில் கொடுப்பது, செலவுக்கு மட்டும் படியளப்பது, இருவர் வருமானத்தையும் ஒன்றாகக் கலப்பது, அவரவர் பணத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்பவை அவை.

இவை நமக்கும் அந்நியமல்ல. ‘கவரைப் பிரிக்காம அப்படியே கொண்டாந்து குடுத்துடுவார்’ என்று பெருமையாகச் சொல்லப்படுபவர் முதல் வகை. ஆனால் வருமானம் குறைந்த வீடுகளில்தான் முழுப் பொறுப்பும் மனைவியிடம் வருகிறது, அங்கே அது அதிகாரமாக இல்லாமல் சுமையாகவே இருக்கிறது என்று அத்தகைய ஆய்வுகள் கண்டதை மறக்கக் கூடாது. படியளக்கும் முறையில், கேட்டுக் கேட்டு வாங்கும் நிலைமையே பெரிய குறை. தனிக் கணக்கு அந்தக் குறையைத் தீர்க்கிறது. தொகை தேதி தவறாமல் தானாக வந்து விழுவதால் யாரும் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் மூன்றாவதும் நான்காவதும் கலந்து, ஆளுக்கொரு சம்பளக் கணக்கு, நடுவில் ஒரு செலவுக் கணக்கு என்று அமைகிறது. பங்கைச் சரிபாதியாகப் போடாமல் சம்பள விகிதப்படி போடுவதே நியாயம்.

இயங்கும் விதம்

எல்லா ரூபாயும் ஒன்றுதான் என்றாலும் மனம் அப்படி நினைப்பதில்லை. எதற்கென்று பெயர் வைத்த பணத்தை வேறொன்றுக்கு எடுக்கக் கை கூசும். இதை ‘மனக் கணக்கு’ என்று 1980களில் விளக்கிய ரிச்சர்ட் தேலர் 2017இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியக் கூலித் தொழிலாளர் குடும்பங்களிடம் திலீப் சோமன், அமர் சீமா இருவரும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கூலியின் ஒரு பகுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கப்பட்டது. ஒரே உறையைவிட இரண்டாகப் பிரித்துக் கொடுத்தபோது மிச்சம் கூடியது. உறையில் தம் பிள்ளைகளின் படம் இருந்தபோதும் கூடியது. கல்யாணப் பத்திரிகை உறையில் எழுதியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

தொகையை முடிவு செய்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். மாதாமாதம் வராத செலவுகளை விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் ஜூனில், தீபாவளி ஐப்பசியில். மாதம் 22,000 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்ட வீடு ஜூனில் கவிழ்வது இதனால்தான். இவற்றின் ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தொகையோடு சேர்த்துவிட வேண்டும். ஆவின் மாதப் பால் அட்டையைப் போல் முன்பணம் கட்டி முடிக்கக்கூடியதை முதல் வாரமே முடித்துவிடுவது நல்லது. மருத்துவச் செலவு இந்தக் கணக்கில் சேராது. அதைச் சேர்த்தால் ஒரு காய்ச்சலில் வேலி விழுந்துவிடும்.

விதிகள்

கணக்கு செலவு செய்பவர் பெயரில் இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கானால் அவர் பெயர் முதலில் வந்து, ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் இருப்பது வசதி. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இதற்கு ஏற்றது. ஆனால் அதை வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள்வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி என்பதால், மாதக் கடைசியில் வற்றும் செலவுக் கணக்குக்கு வட்டி என்று எதுவும் தேறாது. 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி கணக்கிடுகின்றன. அஞ்சலகத்தில் பழைய முறையே தொடர்கிறது. இரண்டு ஆண்டு கைபடாத கணக்கு செயல்படாக் கணக்காகும். பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். உரியவர் கேட்டுத் திரும்பப் பெறலாம்.

இன்றைய நிலை

2014இல் ஜன்தன் திட்டமும் 2016இல் யுபிஐயும் வந்த பின் இந்தக் கணக்கைத் தொடங்குவதும் எளிதாயிற்று, தாண்டுவதும் எளிதாயிற்று. செலவுக் கணக்கை மட்டும் கைபேசிச் செயலியில் இணைத்து, சம்பளக் கணக்கை இணைக்காமல் விடுவதே இப்போதைய வேலி. தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகையான 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15 முதல் பெண்களின் சொந்தக் கணக்கில் மாதந்தோறும் விழுகிறது. பல வீடுகளில் அந்தக் கணக்கே செலவுக் கணக்காகவும் ஆகியிருக்கிறது.