நாற்சந்தியும் ஒற்றை வாசலும்: கொங்கு நாட்டில் மேல்நிலைக் கல்வியின் வரலாறு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது; முதல் அணி மாணவர்கள் 1980 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினார்கள். அப்போது கல்வி அமைச்சராக இருந்த அரங்கநாயகம் கோவை மேற்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவருக்கு முன் அவிநாசிலிங்கமும் சி. சுப்பிரமணியமும், பின்னர் கோபிச்செட்டிபாளையத்துச் செங்கோட்டையனும் அதே பொறுப்பை வகித்த கொங்கு மண்ணின் மக்கள். பதினாறு வயது மாணவர் அடுத்து எங்கே போவது என்ற கேள்விக்கு மாநிலம் கண்ட விடைகளில் பல இவர்கள் காலத்தில் உருவானவை. அந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பல வழிகள் பிரியும் நாற்சந்தியாக வகுக்கப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு, மதிப்பெண் என்ற ஒற்றை வாசலாகச் சுருங்கியது. அதன் பின் வந்த சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை வாசலின் பூட்டை மாற்றினவே தவிர, அடைபட்ட வழிகளைத் திறக்கவில்லை.

1950களின் நடுப்பகுதி வரை பள்ளியிறுதிக்குப் பின் இரண்டாண்டு இண்டர்மீடியட் இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு (பி.யு.சி.) வந்தது. இரண்டுமே கல்லூரி வளாகத்துப் படிப்புகள். பல்லடத்துக்கும் அந்தியூருக்கும் அப்பால் இருந்த சிற்றூர் மாணவருக்கு அவை விடுதிச் செலவு, ஆங்கிலப் பயிற்றுமொழி என்ற இரட்டைச் சுமையைத் தந்தன. அதே காலத்துக் கோவையில் வேறொரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. அவிநாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் கைத்தொழிலையும் படிப்பையும் ஒருசேரக் கற்பித்தது. ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் 1945இல் தோன்றிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. பி.எஸ்.ஜி. அறநிலையம் முதலில் தொழிற்கூடத்தையும், பின்பு பாலிடெக்னிக்கையும், 1951இல் பொறியியல் கல்லூரியையும் அமைத்தது. நூற்பாலையும் வார்ப்படப் பட்டறையும் பம்ப்செட் தொழிலும் நிறைந்த ஊரில் வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தேடி வந்தன.

மேல்நிலைக் கல்வியின் மூலத் திட்டம் இந்த மரபுக்கு நெருக்கமாகவே இருந்தது. 1964–66 கோத்தாரி ஆணையம் மேல்நிலை மாணவரில் பாதிப்பேர் தொழிற்கல்விக்குச் செல்ல வேண்டும் என்று கருதியது. 1978இல் மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான தேசிய மறுஆய்வுக் குழுவும் அதையே வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு இணையாகத் தொழிற்பிரிவும் தொடங்கப்பட்டது. இந்த மாற்றத்தின் முதற்பெரும் நன்மை இடத்தைப் பொறுத்தது. கல்லூரியில் இருந்த படிப்பு உள்ளூர்ப் பள்ளிக்கே, தமிழ்வழியில் வந்தது. பெண் பிள்ளையை நகரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு அந்த நெருக்கம் ஒரு திறப்பு. கொங்கு நாட்டின் உயர்கல்விப் பெருக்கத்துக்கு அடித்தளம் இட்டது இந்த மாற்றமே என்று சொல்லலாம்.

ஆனால் 1984இல் இரண்டு நிகழ்வுகள் ஒருசேர நேர்ந்தன. பொறியியல், மருத்துவம் முதலிய படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் வழி திறந்தது. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும், கோவையில் குமரகுரு கல்லூரியும் அவ்வாண்டில் பிறந்தவை. பொறியியல் இடங்கள் பெருகப் பெருக, கணிதமும் அறிவியலும் அடங்கிய முதல் குரூப் எடுப்பதே பெற்றோரின் கனவாயிற்று. தொழிற்பிரிவு பின்தங்கியதற்கு மாணவரின் ஆர்வக்குறைவைக் காரணம் சொல்வது எளிது. உண்மையில் அந்தப் பிரிவைத் திட்டமிட்டு அக்கம்பக்கத்து ஆலையோடும் பட்டறையோடும் யாரும் இணைக்கவில்லை. அதை முடித்தவருக்கு மேலே செல்லும் வழியும் குறுகலாக இருந்தது. முன்னே வழியில்லாத படிப்பைப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க எந்தக் குடும்பமும் துணியாது.

முதல் குரூப்பையே எல்லோரும் நாடிய இந்தப் போட்டியிலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் எழுந்தன. மாநிலம் முழுவதிலிருந்தும் மாணவர் வந்து தங்கினர். விடியற்காலை முதல் இரவு வரை படிப்பும் தேர்வும் நடந்தன. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் நடத்தும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் பரவியது. 2007இல் நுழைவுத்தேர்வு சட்டத்தின் வழியே நீங்கியபின் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தலைவிதியானது. 2017இல், பதினோராம் வகுப்புப் பாடத்திலும் கேள்வி கேட்கும் நீட் என்ற மருத்துவ நுழைவுத்தேர்வு நடைமுறைக்கு வந்தபோது, அந்த வகுப்பைத் தவிர்த்ததன் விலை தெரிந்தது. அவ்வாண்டு செங்கோட்டையன் அமைச்சராக இருந்தபோது மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கவும், பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கவும் முடிவாயிற்று. 2018இல் தொடங்கிய அந்தத் தேர்வு, 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது கைவிடப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குள் தேர்வொன்று வந்து போயிற்று. மாணவர் தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை அதனால் மாறவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு. உழவர், விசைத்தறியாளர், லாரித் தொழிலாளர் வீட்டு முதல் தலைமுறைப் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் உயர இந்த மதிப்பெண் முறையும் உறைவிடப் பள்ளிகளும் உதவின என்பர். இதில் உண்மை இருக்கிறது. பொதுத்தேர்வு மதிப்பெண், நகரத்துப் பயிற்சி மையத்தை எட்ட முடியாதவருக்கு நுழைவுத்தேர்வைவிட நியாயமான அளவுகோலாக இருந்தது. ஆனால் உறைவிடப் பள்ளியின் கட்டணத்தைக் கட்ட முடிந்த குடும்பங்களே அங்கே சேர்ந்தன. அரசுப் பள்ளி மாணவர் வெளியே நின்றனர். மருத்துவச் சேர்க்கையில் அவர்களுக்கு 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தேவைப்பட்டதும், அடுத்த ஆண்டு அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்ததும் இதற்குச் சான்று.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. பள்ளியில் தொழிலைப் புகுத்துவது ஏழைப் பிள்ளையை அப்பன் தொழிலிலேயே கட்டிப்போடும் என்ற அச்சம் அது. ராஜாஜியின் 1953 ஆரம்பக் கல்வித் திட்டத்தை மக்கள் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டபோது கல்வி அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். அந்த எதிர்ப்பு நியாயமானது. அதை மறந்து தொழிற்கல்வியைப் பேசுவது தவறு. ஆயினும் பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்குவது வேறு, பதினாறு வயதில் விரும்பி ஒன்றைத் தேர்ந்து பின்னர் மாறிக்கொள்ளவும் முடிவது வேறு. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் ஏற்பாடு, மேலேறும் வழி இருந்தால் தொழிற்படிப்பு சிறையாகாது என்பதைக் காட்டியிருக்கிறது.

2022இல் வந்த நான் முதல்வன் திட்டம் வழிகாட்டுதலை அரசின் கடமையாக்கியது. 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் ஆண் மாணவருக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. இவை பூட்டைத் தொடாமல் வழியைத் தொடுவதால் வரவேற்கத்தக்கவை. ஆனால் பிளஸ் டூ தேர்வுமுடிவுக்குப் பின் தரும் அறிவுரை காலம் கடந்தது. குரூப்பைத் தேர்ந்தெடுக்கும் பத்தாம் வகுப்பிலேயே அது தொடங்க வேண்டும். கோவையின் பட்டறைகளும் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளும் ஈரோட்டின் ஜவுளிக் கூடங்களும் மேல்நிலை மாணவருக்குக் கற்குமிடமாக வேண்டும். அங்கே கற்றதற்குக் கல்லூரிச் சேர்க்கையில் மதிப்பும் வேண்டும். அடுத்து வரும் எந்தச் சீர்திருத்தத்தையும், அது எந்தத் தேர்வை நீக்கியது என்பதால் மட்டும் மதிப்பிடக் கூடாது. பதினாறு வயது மாணவருக்கு எத்தனை வழிகளை, திரும்பி வரவும் மேலே ஏறவும் இடம் வைத்துத் திறந்தது என்பதே அதன் அளவுகோல்.