பத்தொன்பது வயது, பதினான்கு நாட்கள்: இந்திரலால் ரோய்



போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு முதலாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விமானம் என்றதும் பேச்சு நம்மட கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்குப் போய்விட்டது. அது 1942, இரண்டாவது யுத்தம் என்று திருத்தினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மகன் கேட்டான்: "சேர், முதல் யுத்தத்தில நம்மட பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் பிளேன் ஓட்டிச் சண்டை பிடிக்கலியா?"

அந்த நேரம் என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்திரலால் ரோய். 1898 டிசம்பர் 2இல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பன் ஒரு பாரிஸ்டர். லண்டனில் சென்ட் போல்ஸ் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது யுத்தம் தொடங்கியது. விமானப் படைக்கு விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் வைத்தியர் ஒருவரிடம் காட்டி, அந்த முடிவை மாற்ற வைத்தார் என்று சொல்வார்கள். 1917 ஜூலையில் அதிகாரியானார்.

அன்றைய விமானத்தை இன்றைய ஜெட்டோடு ஒப்பிட வேண்டாம். அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ, மரச்சட்டத்தில் துணி போர்த்திய ஓராள் விமானம். இரண்டு இயந்திரத் துப்பாக்கி, திறந்த இருக்கை. பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட் கொடுக்கப்படவில்லை. தீப்பிடித்தால் குதிக்க வழியே இல்லை.

1917 டிசம்பர் 6இல் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டார்களாம். நினைவு திரும்பி உள்ளேயிருந்து கதவைத் தட்டினாராம். கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனால் பறக்கத் தகுதியில்லை என்று வைத்தியர்கள் எழுதியதும், விடாமல் கேட்டுக் கேட்டு 1918 ஜூனில் 40ஆம் படையணியில் போய்ச் சேர்ந்ததும் உண்மை.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள். அதில் மூன்று ஒரே நாளில், சில மணித்தியாலங்களுக்குள். பத்து என்றால் பத்தும் எரிந்து விழுந்தவை அல்ல. ஐந்து அழிக்கப்பட்டவை, மற்ற ஐந்து கட்டுப்பாடிழந்து கீழே போனவை. சில வெற்றிகள் கூட்டாளிகளோடு பங்கிட்டவை. அப்படிப் பார்த்தாலும் அது சின்ன விஷயமல்ல. ஜூலை 22, பிரான்ஸில் கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவருடைய விமானம் தீப்பிடித்து விழுந்தது. வயது 19. அவருக்கு வழிகாட்டிய அயர்லாந்துக்காரர் மெக்எல்ரோயும் ஒன்பது நாளில் போய்விட்டார். டி.எஃப்.சி. பதக்கம் செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் இவர்.

இன்னொரு விடயத்தையும் பிள்ளைகளிடம் மறைக்க நான் விரும்பவில்லை. அதே காலத்தில் ஹர்தித் சிங் மாலிக் என்ற சீக்கிய இளைஞரை இந்தியர் என்பதற்காகவே முதலில் அந்தப் படையில் சேர்க்கவில்லை. ஒக்ஸ்போர்ட் ஆசிரியர் ஒருவர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் எடுத்தார்கள். ரோய் இறந்து ஒன்பது மாதம் முடியவில்லை, 1919 ஏப்ரல் 13இல் அதே சாம்ராஜ்யத்தின் துப்பாக்கிகள் அம்ரித்சரில் வெறுங்கையோடு நின்ற சனங்களைச் சுட்டன. ரோயின் தைரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தைரியம் யாருக்காகச் செலவானது என்பதில்தான் மனம் அடங்கவில்லை.

அவருடைய உறவினரான சுப்ரதோ முகர்ஜி பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானார். ரோயின் கப்று பிரான்ஸின் எஸ்தெவேல் கிராமத்தில் இருக்கிறது. கல்லில் வங்காள எழுத்தும் உண்டு.

நாளைக்கு முதல் பாடவேளை அந்த மகனின் வகுப்புத்தான்.